தங்கை வீட்டு சோடா கம்பெனிக்குச் சீல் வைத்த அண்ணன்

அண்ணன் அவர்கள் பிறந்தது மலையில் அல்ல. மேட்டுப்பாளையத்தை அடுத்து, பவானி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய ஊரில் பிறந்தார். எங்கள் அப்பா மாட்டு வண்டியில் அரிசியும் உப்பும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு நீலகிரிக்கு வாடகை அடித்தவர். மலை ரயில் வந்த பிறகு அந்தப் பிழைப்பு மெல்ல மெல்லப் படுத்துவிட்டது. காளைகளை விற்றுவிட்டு அப்பா குடும்பத்தோடு மலைக்கே குடிவந்தார். நான் பிறந்தது அதற்குப் பிறகு. எனக்கும் அண்ணனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அதனால் அவர் எனக்குப் பாதி அண்ணன், பாதி அப்பா.

எந்த ஊருக்குக் குடிவந்தோம் என்பதை இங்கே எழுதவில்லை. அண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “அங்க இன்னும் அவிய பேரன் பேத்தியெல்லாம் இருக்குது அம்மிணி. பெரியவிய செஞ்சதுக்கு அதுக ஏன் தலகுனியோணும்?” என்றார். இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஊர் தெரியும். தெரியாதவர்கள், நகரசபையும் மார்க்கெட்டும், கோடையில் கீழிருந்து வரும் கூட்டமும், சுற்றிலும் துரைமாரின் தேயிலைத் தோட்டங்களும் உள்ள ஒரு மலை ஊர் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்கினார். மலைக் குளிர் அவருடைய நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் பள்ளிப் படிப்பை முடிக்கும் சமயத்தில் அவர் போய்விட்டார். அம்மா தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போனார். அண்ணன் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அப்போது ஆஸ்பத்திரியில் இருந்த வயதான டாக்டர் ஒருவர், பையன் தெளிவாக இருக்கிறான் என்று சொல்லி, சென்னையில் சுகாதார இன்ஸ்பெக்டர் படிப்புக்குச் சேர்த்துவிட்டார். படித்து முடித்து, காக்கிக் கோட்டும் கையில் குடையுமாகத் திரும்பி வந்து, நகரசபையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து அவர் கேட்டு வாங்கிய லீவு அது ஒன்றுதான்.

சுகாதார இன்ஸ்பெக்டர் வேலை என்ன என்பதை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இறைச்சிக் கடையில் கெட்ட இறைச்சி தொங்குகிறதா, பாலில் தண்ணீர் சேர்கிறதா, ஓட்டலில் ஈ மொய்க்கிறதா, சாக்கடை குடிதண்ணீரில் கலக்கிறதா என்று பார்ப்பது. பார்த்ததை எழுதுவது. கடையை மூடச் சொல்லும் அதிகாரமும் உண்டு. அந்த அதிகாரம் இருக்கிற மனிதருக்கு மார்க்கெட்டில் எல்லாமே இனாமாகக் கிடைக்கும். கேட்கக்கூட வேண்டியதில்லை.

அண்ணன் எதையும் தொடமாட்டார். தீபாவளி வந்தால் வீட்டுக்குப் பழக்கூடைகள் வரும் என்று, லீவு போட்டுவிட்டு எங்களையெல்லாம் மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துப் போய்விடுவார். வாசலில் வைத்துவிட்டுப் போன கூடைகளைத் திரும்பி வந்ததும் அவரே சுமந்துகொண்டு கடை கடையாகத் திருப்பிக் கொடுப்பார். பழம் பாதி அழுகியிருக்கும். கடைக்காரர்களுக்கு அது அவமானம். கூட வேலை பார்த்தவர்களுக்கு அதைவிட அதிக அவமானம். அவர்கள் வாங்கியது அண்ணன் வாங்காததால்தான் வெளியே தெரிந்தது. ஆனால் அவர்களில் ஒருவரைப் பற்றியும் அவர் மேலிடத்தில் சொன்னதில்லை. அது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகி அண்ணி வந்த புதிதில் நடந்தது இது. அண்ணி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு வாங்கி வந்தார். அண்ணன் பையைத் தூக்கிப் பார்த்தார். கொடுத்த காசுக்கு மேலே கனம் இருந்தது. கடைக்காரர் இன்ஸ்பெக்டர் வீட்டு அம்மா என்று தெரிந்து தாராளமாக நிறுத்துப் போட்டிருக்கிறார். அண்ணன் மறுநாள் மிச்சக் கிழங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனிமேல் இந்த மார்க்கெட்டில் வாங்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணி பக்கத்து ஊர்ச் சந்தைக்கு நடந்து போய் வாங்கிவந்தார். மழைக்காலத்தில் சேலை முழங்கால் வரை நனைந்து வந்து நிற்பார்.

“ஏனுங்க, வேல பாக்கறது நீங்க. நடக்கறது மட்டும் நானுங்களா?” என்று ஒரு தடவை கேட்டேவிட்டார்.

“நீ நடக்கறது எனக்குத் தெரியாமலா இருக்குது? அவன் கிழங்க நான் தின்னுபோட்டு, நாளைக்கு அவன் அழுகல விக்கறப்ப எந்த வாயால கேக்கறது?” என்றார் அண்ணன்.

  நேர்மையான மனிதரைப் பற்றி ஊர் பெருமையாகப் பேசும். அவரோடு ஒரே வீட்டில் இருந்து சமைத்துத் துவைத்தவர்களிடம் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வார்கள். இதை அண்ணியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அண்ணன்தான். என் கணவர் கோயமுத்தூர்ப் பக்கத்தவர். கையில் தொழில் இருந்தது. மலையில் சோடா கம்பெனி போட்டால் கோடையில் நன்றாக ஓடும் என்று கணக்குப் போட்டு, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊருக்கே வந்தார். ஊருக்கு மேலே சரிவில் ஒரு ஊற்று இருந்தது. தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், குடித்தால் தித்திக்கும். அந்த ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, கீழே கொட்டகை போட்டு, கோலி சோடாவும் எலுமிச்சை சோடாவும் போடத் தொடங்கினார்.

லைசென்ஸுக்கு மனு கொடுத்தபோதே அண்ணன் சொல்லிவிட்டார்: “மாப்பிள்ளை, உங்க கம்பெனிக்குள்ள நான் கால் வெக்கமாட்டேனுங்க. சொந்தக்காரன் பாத்தா நல்லா இருந்தாலும் ஊரு நம்பாது. இன்னொரு இன்ஸ்பெக்டர் இருக்கறாரு. அவரே பாக்கட்டும்.” நகரசபையிலும் அப்படியே சொல்லி, அந்தத் தெருவையே தன் பொறுப்பிலிருந்து எடுத்துவிடக் கேட்டுக்கொண்டார். சேர்மன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அடுத்து வந்த வருடங்களில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார். பின்கட்டில் சோடா மிஷின் ஓடும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஒரு கோடையில் ஊரில் காய்ச்சல் கண்டது. முதலில் இங்கொருவர் அங்கொருவர். பிறகு ஆஸ்பத்திரி நிறைந்தது. டைபாய்டு என்று சொன்னார்கள். மார்க்கெட்டில் சிறு வியாபாரம் செய்தவர்கள், குதிரை வண்டிக்காரர்கள், கோடைக்கு வந்திருந்தவர்கள் என்று படுத்தார்கள். சிலர் எழுந்திருக்கவில்லை. எங்கள் கம்பெனியில் பாட்டில் கழுவிய இருவரும் படுத்தார்கள். காய்ச்சல் கண்டவர்களில் பலபேர் எங்கள் சோடா குடித்தவர்கள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு எழுந்தது. ஊரெல்லாம் எங்கள் சோடாவைத்தான் குடித்தது என்பதால் என் கணவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயம் பார்த்து இன்னொரு இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புது ஆள் வரவில்லை. அண்ணன் சேர்மனிடம் போனார். நகரசபை டாக்டரும் அந்த அறையில் இருந்தார். அங்கே நடந்ததை அண்ணன் அண்ணியிடம் சொல்ல, அண்ணி எனக்குச் சொன்னார்.

“அந்தக் கம்பெனி என் தங்கச்சி ஊட்டுக்காரருதுங்க. அத நான் போய்ப் பாக்கறது முறையில்லீங்க. கோயமுத்தூர்ல இருந்து வேற ஒருத்தர வரச்சொல்லுங்க,” என்றாராம் அண்ணன்.

“வேற ஆளு வர்றதுக்குள்ள சீசனே முடிஞ்சுபோயிருமுங்க இன்ஸ்பெக்டர். நீங்களே பாருங்க. உங்க நேர்மை ஊருக்கே தெரியுமில்லீங்க?” என்றாராம் சேர்மன்.

“என்னைய நம்பறதோ நம்பாததோ இல்லீங்க. நான் பாக்கப்படாதுங்க.”

“அப்ப சனம் சாகட்டும்னு உட்டுடலாமுங்களா?”

நாளைக்கே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு  அண்ணன் வெளியே வந்தார்.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காக்கிக் கோட்டோடு வந்தார். பின்னால் நகரசபை சேவகர். வழக்கமாக வந்ததும், “அம்மிணி, காப்பி இருக்குதா?” என்று கேட்பவர், அன்று என்னைப் பார்த்தும் பார்க்காதது போலக் கொட்டகைக்குப் போனார். குழாயிலிருந்தும் தொட்டியிலிருந்தும் நிரப்பி வைத்திருந்த பாட்டில்களிலிருந்தும் தண்ணீர் எடுத்தார். ஊருக்குள் இருந்த மற்றக் குழாய்களிலும் கிணறுகளிலும்கூட அன்றைக்கே எடுத்தார். எல்லாவற்றையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது மற்றவையெல்லாம் சுத்தம். எங்கள் ஊற்றுத் தண்ணீர் மட்டும் கெட்டிருந்தது.

அவர் திரும்பி வந்து கொட்டகைக் கதவுக்குச் சீல் வைத்ததைத் தெருவே நின்று பார்த்தது. அடுக்கி வைத்திருந்த பாட்டில்களின் கோலியை அழுத்தி ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கொட்டினார்கள். கோடைக்காக நாங்கள் போட்டு வைத்திருந்த சரக்கு அது. என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

“மச்சான், ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க? நானே நிறுத்தியிருப்பேனே. இப்பிடித் தெருவுல வெச்சு…” என்றார்.

“சொல்லியிருந்தா தொட்டியக் கழுவி வுட்டிருப்பீங்க மாப்பிள்ளை. அப்பறம் எந்தத் தண்ணி கெட்டுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் அண்ணன்.  “படுத்துக் கெடக்கறவியளும் யாரோ ஒருத்தருக்கு மாப்பிள்ளைதானுங்க.”

 அன்றைக்கு முதல் என் கணவர் அண்ணனோடு வருடக்கணக்காகப் பேசவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் அண்ணனுக்குக் கெட்ட பெயரே வந்திருக்காது. தங்கை கணவரையே விட்டுவைக்காத அதிகாரி என்று மாலை போட்டிருப்பார்கள். சேர்மன் எதிர்பார்த்ததும் அதைத்தான் என்று பிற்காலத்தில் அண்ணன் சொன்னார். ஆனால் அண்ணனால் அதோடு நிற்க முடியவில்லை. வருடக்கணக்காகத் தித்தித்த ஊற்று ஏன் திடீரென்று கெட்டது என்று பார்க்க, சரிவின் ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறிப் போனார்.

மேலே ஒரு பெரிய தேயிலைத் தோட்டம். அதன் துரை நகரசபையில் அங்கத்தினர். சேர்மனுக்கு நெருங்கியவர். அந்த வருடம் தோட்டத்தில் புதிதாகக் கூலி ஆட்களைக் கொண்டுவந்து, ஊற்றுக்கு நேர்மேலே புது லைன் வீடுகள் கட்டியிருந்தார்கள். கக்கூஸ் கட்டவில்லை. ஒரு வாய்க்கால் மட்டும் வெட்டி, ஊற்றை ஒட்டி இறங்கும் ஓடைப் பக்கம் திருப்பியிருந்தார்கள். ஓடையில் பானை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அண்ணன் கேட்டார்.

“ஏனுங்கம்மா, இங்க யாருக்காச்சும் காச்சலுங்களா?”

“யாருக்குங்க இல்ல? எம்புள்ளயே அதுலதானுங்க போச்சு. பக்கத்து ஊட்டுலயும் ஒண்ணு போயிருச்சு. கம்பவுண்டரய்யா குளிர்க்காச்சல்னு மருந்து குடுத்தாருங்க.”

“ஆஸ்பத்திரிக்குச் சொல்லலீங்களா?”

“வெளிய சொன்னா லைன மூடிப்போடுவாங்க, வேல போயிரும்னு மேஸ்திரி சொல்லிப்போட்டாருங்க. சாமி, நாங்க சொன்னம்னு சொல்லிராதீங்க.”

“இந்தத் தண்ணியவா குடிக்கறீங்க?”

“வேற எங்கீங்க இருக்குது தண்ணி?”

கீழே காய்ச்சல் வருவதற்கு வெகு முன்னாலேயே மேலே குழந்தைகள் இறந்திருந்தன. எங்கள் கம்பெனி அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து ஊருக்கு விற்றிருக்கிறது. தெரியாமல்தான். ஆனால் விற்றிருக்கிறது. அண்ணன் பார்த்ததையெல்லாம் எழுதினார். அந்தப் பெண் சொன்னதை, யார் சொன்னது என்று குறிக்காமல் எழுதினார். கூடவே, லைனை மூடக்கூடாது, கக்கூஸும் குழாயும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

நகரசபைக் கூட்டத்தில் அந்தத் துரை கோபப்படவே இல்லையாம். “சோடா கம்பெனியை மூடியதும் காய்ச்சல் குறைந்துவிட்டதல்லவா? பிறகு என்ன?” என்று மட்டும் கேட்டாராம். அது உண்மைதான், குறைந்திருந்தது. தோட்டத்துக்குள் நுழைய நகரசபை இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டா என்று வேறொருவர் கேட்டார். கூட்டம் அதைப் பற்றியே பேசி முடிந்தது.

சேர்மன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தோட்டத்துப் பேச்ச எடுத்துட்டு, சோடா கம்பெனி வரைக்கும் எழுதிக் குடுங்க. போதும்.”

“பாதிய எழுதுனா அது பொய்யுங்க.”

“எழுதற பாதி உண்மைதானுங்களே?”

“என் மாப்பிள்ளைக்கு முழுசா எழுதினேனுங்க. துரைக்கு மட்டும் பாதி எழுதுனா, நான் அவரு மொகத்துல எப்பிடிங்க முழிக்கறது?”

சேர்மன் கெட்ட மனிதர் என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. “அவருக்கும் அலுப்புதான். எல்லாரையும் அனுசரிச்சு அனுசரிச்சு இன்னதுக்குத்தான் அனுசரிக்கறம்னே மறந்துபோச்சு அவருக்கு,” என்பார். ஆனால் அந்த மனிதர் அடுத்துச் செய்தது அண்ணனின் வாழ்க்கையை முடித்துவிட்டது.

அண்ணன் மேல் குற்றச்சாட்டு வந்தது. மைத்துனர் கம்பெனி என்று தெரிந்தே அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருந்தார், பல வருடங்கள் சோதிக்காமல் விட்டார், அதனால்தான் காய்ச்சல் பரவியது என்றார்கள். சொந்தக்காரர் காரியத்தில் தலையிடக்கூடாது என்று அவர் கேட்டு வாங்கிய விலக்கே அவர் செய்த குற்றமாகிவிட்டது. கோயமுத்தூரிலிருந்து ஆளை வரவழைக்கச் சொன்னேனே என்றார். அந்த அறையில் நின்ற டாக்டரைக் கேட்டார்கள். தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை என்றார். என் கணவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனார். “எங்க மச்சான் எங்க கம்பெனியில ஒரு சோடாகூட வாங்கிக் குடிச்சதில்லீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு வேலை போயிற்று.

பிறகு ஜில்லா போர்டில் அம்மை குத்தும் வேலை கிடைத்தது. நடுவட்டத்தில் குடியிருந்து, கூடலூர் போகும் வழியெல்லாம் இருந்த தோட்டங்களுக்கு நடந்து போய், லைன் லைனாகக் குழந்தைகளுக்கு அம்மை குத்த வேண்டும். இன்ஸ்பெக்டராக இருந்தவருக்கு அது பெரிய இறக்கம். அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் முன்பு போலப் பேசுவதும் இல்லை. அட்டை கடித்த காலோடும் நனைந்த கோட்டோடும் வீட்டுக்கு வந்தால் அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் பஸ்ஸில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போனதாகத் தோன்றியது. அப்பாவுக்கு வந்த அதே நெஞ்சுச் சளி அவருக்கும் வந்தது. அண்ணி பஸ் நிற்கும் இடத்தில் இட்லி சுட்டு விற்றார். “இப்பத்தான் அம்மிணி நிம்மதி. யாருகிட்ட வேணும்னாலும் அரிசி வாங்கலாம்,” என்று அவர் சொன்னது வேடிக்கைக்கா வருத்தத்துக்கா என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

என் கணவர் சோடா மிஷினை விற்றுவிட்டு, அந்த ஊரை விட்டே குடிபெயர்ந்து, எமரால்டு கிராமப் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கும் கோசும் வாங்கிக் கீழே அனுப்பும் வியாபாரத்தில் இறங்கினார். சுமாராகப் போயிற்று. நான் நடுவட்டத்துக்குப் போவதை அவர் தடுக்கவில்லை. திரும்பி வந்தால் எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் இல்லை. வீட்டில் அண்ணன் என்ற சொல்லே இல்லாமல் பேசப் பழகிக்கொண்டோம். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். யார் பக்கம் நியாயம் என்று யோசித்து யோசித்து, ஒரு கட்டத்தில் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு சந்தை நாளில், எங்கள் மண்டிக்குக் கிழங்கு வாங்க ஒரு தோட்டத்துப் பெண் வந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது அந்த லைனைச் சேர்ந்தவள் என்று தெரிந்தது. அண்ணன் ஓடையில் பார்த்துப் பேசிய பெண் அவள்தான்.

“இப்ப அங்க குழா போட்டிருக்காங்களுங்கம்மா. கக்கூஸும் கட்டிப்போட்டாங்க. வாய்க்கால அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. காக்கிக்கோட்டு ஐயா வந்துட்டுப் போனாருல்ல, அதுக்கப்பறம் துரை ஒண்ணும் சொல்லாம ஆள வுட்டு வேலைய முடிச்சுப்போட்டாரு. எனக்கு இன்னொரு புள்ள பொறந்திருக்குதுங்க. நல்லா இருக்குது. அந்த ஐயா எங்கீங்க இப்ப?”

 மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கி, “நடுவட்டத்துல இருக்கறாருங்க,” என்றார். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அந்த வாரமே ஒரு நாள், கடைக்குப் போகவில்லை, நடுவட்டம் போகலாம் கிளம்பு என்றார். நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல பகலிலும் எதிரே இருப்பவர் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. அண்ணன் ஒரு கடை ஓரத்தில் அம்மை குத்தும் பெட்டியோடு நின்றிருந்தார். என் கணவரைக் கண்டதும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“வாங்க மாப்பிள்ளை,” என்றார்.

“வந்தனுங்க மச்சான்.”

 ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. பிறகு என் கணவர் சொன்னார்.

“மறந்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. தெருவுல அந்தப் பாட்டில ஒடச்சு ஊத்துன சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. அது போகாதுங்க. ஆனா பேசாம இருக்கறதும் சலிச்சுப்போச்சுங்க மச்சான்.”

“எனக்கும் சலிச்சுப்போச்சு மாப்பிள்ளை. ஊட்டுக்கு வாங்க, இட்லி இருக்கும்,” என்றார் அண்ணன்.

மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. சாப்பிட்டோம். பெரியவர்கள் சமாதானம் ஆவது இப்படித்தான் போலிருக்கிறது, சண்டை போடத் தெம்பு இல்லாமல்.

நெஞ்சுச் சளி முற்றி, சரிவுகளில் ஏற முடியாமல் போனதும் அண்ணன் வேலையை விட்டார். என் கணவரே நடுவட்டத்துக்கு வண்டி கொண்டுபோய் அவரையும் அண்ணியையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசி மாதங்களில் அண்ணன் வெயில் படும் ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தார். என் கணவர் மண்டியிலிருந்து வந்ததும் அவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவார். ஒரு பிற்பகலில் படிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு அண்ணன் கேட்டார்.

“மாப்பிள்ளை, அன்னிக்கு என்னைய அனுப்புனப்ப, முடியாதுன்னு வேலைய வுட்டுப்போட்டு வந்திருந்தா உங்க கம்பெனி பொழச்சிருக்குமுங்களா?”

என் கணவர் பத்திரிகையை மடித்தார். “பொழச்சிருக்காதுங்க மச்சான். வேற எவனாச்சும் வந்து மூடியிருப்பான். இல்லீன்னா காசு வாங்கிட்டு வுட்டிருப்பான், இன்னும் நாலு பேரு போயிருப்பாங்க. தண்ணி கெட்டது கெட்டதுதானுங்களே.”

“அப்பச் சரி,” என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வருடக்கணக்காக அந்தக் கேள்வியை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம், காலைக் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழவில்லை.

கொள்ளி வைப்பது யார் என்று பங்காளிகளுக்குள் பேச்சு எழுந்தது. முறைப்படி அவர்களில் ஒருவர் வைக்க வேண்டும். தயங்கி நின்றார்கள். “நான் வெக்கறனுங்க. முறையில்லீன்னா பாவம் எனக்கே வரட்டும்,” என்று என் கணவர் முன்னால் வந்தார். அண்ணி தலையசைத்தார்.

இந்தத் துக்கத்திலும் அதற்கு முன்னால் நீண்ட நோயிலும் எங்களோடு இருந்தவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கூப்பிட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்து ஊசி போட்ட டாக்டருக்கும், நடுவட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்த அம்மை குத்தும் நண்பர்களுக்கும், மண்டியை அடைத்துவிட்டு வந்த வியாபாரிகளுக்கும், மழையில் விறகு நனையாமல் காத்த எமரால்டு நண்பர்களுக்கும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தோட்டத்திலிருந்து நடந்து வந்து தெருவோரமாக நின்றுவிட்டுப் போனவர்களுக்கும் எங்கள் நன்றி. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் யாரும் வீட்டுக்குள் வரவில்லை. தண்ணீராவது குடியுங்கள் என்று சொல்ல நான் வெளியே வருவதற்குள் போய்விட்டார்கள். அண்ணிக்கு நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே சொல்லவில்லை.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். காரியம் முடிந்த சில நாட்களில் எங்கள் பழைய ஊர் நகரசபையின் புதிய சேர்மன் எங்களைத் தேடி வந்தார். இளைஞர், மரியாதையானவர். அண்ணனுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்றும், அவருடைய படத்தை நகரசபைக் கூடத்தில் மாட்ட விரும்புவதாகவும் சொன்னார். படம் இருந்தால் தாருங்கள் என்று அண்ணியிடம் கேட்டார்.

அண்ணி வேண்டாம் என்று தலையசைத்தார். “படம் எதுக்குங்க? அவியளே சொவத்துல தொங்கறத விரும்பமாட்டாங்க. நீங்க செய்யறதா இருந்தா ஒண்ணு செய்யுங்க. முன்ன நான் நடந்து போன சந்தைக்குப் போற வழியில, பாலத்துக்கு மேல இன்னொரு தோட்டத்துல புதுசா லைன் கட்டியிருக்கறாங்களாமா. அங்கயும் சாக்கடைய ஆத்துல வுட்டிருக்கறதா சொல்றாங்க. ஒரு ஆள அனுப்பிப் பாருங்க. அது போதும்,” என்றார்.

உடனே கவனிக்கிறேன் அம்மா என்று அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அண்ணனின் முதலாண்டு நினைவு நாள் வந்துவிட்டது. இந்த மலர் அச்சுக்குப் போகும் இன்றைய தேதிவரை அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை. உறவினர்களிலும் நண்பர்களிலும் யாராவது அந்தப் பக்கம் போனால், பாலத்துக்குக் கீழே தண்ணீர் குடிக்க வேண்டாம்.

தங்கை